மலையை விட்டு இறங்கும் மண்

நீலகிரியின் காய்கறிச் சரிவுகளில் ஒவ்வொரு மழையும் மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு போகிறது. அந்த இழப்பு கண்ணில் படாதபடி உர மூட்டைகள் மறைத்து வைத்திருக்கின்றன. மண்ணை நிறுத்தாமல் உரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்?

சித்திரை மாதத்துக் கோடை மழை ஒரு மணி நேரம் அடித்துப் பெய்து ஓய்ந்ததும், கேத்தி பாலாடா பள்ளத்தாக்கில் ஓடும் ஓடையைப் பாருங்கள். காலையில் தெளிந்து கிடந்த தண்ணீர் மாலையில் செங்காவி நிறத்தில் திரண்டு ஓடும். ஒரு வாளி மொண்டு வைத்தால், மறுநாள் அடியில் வழுவழுப்பான சேறு படிந்திருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் மணல் நெருடாது. அந்தச் சேறுதான் நிலத்தின் சாரம்: நுண்ணிய களித் துகள், மட்கு, அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் உரச்சத்து. மழை முதலில் எடுத்துக்கொண்டு போவது அதைத்தான். கல்லும் பருமணலும் வயலிலேயே தங்கிவிடுகின்றன.

கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா, நஞ்சநாடு, எமரால்டு, இத்தலார், கூக்கல்தொரை, தேனாடுகம்பை என்று நீளும் ஊர்களிலிருந்து நாள்தோறும் லாரிகள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், முட்டைக்கோஸ், நூல்கோல், பூண்டு, பீன்ஸ் என்று தமிழ்நாட்டுச் சமையலறைகளில் 'ஊட்டிக் காய்' என்று தனி மரியாதையோடு வாங்கப்படும் அத்தனையும் இந்தச் சரிவுகளில் விளைந்தவை. அதே சரிவிலிருந்து மண்ணும் இறங்குகிறது. காய்க்கு விலை உண்டு, எடைச்சீட்டு உண்டு. மண்ணுக்கு இரண்டும் இல்லை.

சரிவில் நடப்பது என்ன?

நீலகிரியின் காய்கறி நிலங்களில் ஆண்டுக்கு மூன்று போகம். ஆண்டின் தொடக்கத்தில் பாசனத்தை நம்பி நடுவது நீர்போகம். கோடை மழையை ஒட்டி நடும் முக்கியப் பருவம் கார்போகம். ஆவணி, புரட்டாசி வாக்கில் நடுவது கடைபோகம். மூன்று போகம் என்றால் ஆண்டில் மூன்று முறை நிலத்தைக் கொத்திப் பொலபொலப்பாக்குகிறார்கள். மூன்று முறை அது மூடாக்கில்லாமல் வெறுமனே கிடக்கிறது. கார்போகத்துக்காகக் கொத்திவைத்த நிலத்தில் கோடை இடிமழை விழுகிறது. கடைபோகப் பயிர் நிலத்தில் இருக்கும்போது வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. நிலம் மிகவும் பலவீனமாக இருக்கும் நாட்களும் வானம் மிகவும் வலுவாக இருக்கும் நாட்களும் ஒன்றாக வந்து அமைவதுதான் இங்குள்ள சிக்கல்.

பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் தரையைத் தாக்கும். வெறும் மண்ணில் அப்படி விழும்போது மண்கட்டி உடைந்து தெறிக்கிறது. சமதளத்தில் தெறித்த துகள் எல்லாப் பக்கமும் சமமாக விழும். சரிவிலோ பெரும்பகுதி கீழ்ப்பக்கமே விழும். உடைந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்து மேலே மெல்லிய ஓடாகப் படிகின்றன. அதன்பின் பெய்யும் நீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலோடு மேலாக ஓடத் தொடங்குகிறது. இதைப் படல அரிப்பு என்கிறார்கள். நிலம் முழுவதும் ஒரே சீராக, ஒரு தாள் கனத்துக்கு உரிந்துபோவதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. அடுத்த கட்டத்தில் நீர் கோடு கோடாகப் பள்ளம் பறிக்கிறது. விவசாயி அதைப் பார்க்கிறார். அடுத்த கொத்தில் மண்வெட்டியால் நிரவிவிடுகிறார். தடம் மறைந்துவிடுகிறது. போன மண் திரும்புவதில்லை.

கேரட்டை அருகில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். நேராக, வழுவழுப்பாகக் கிழங்கு இறங்க வேண்டுமானால் மண்ணைக் கட்டியில்லாமல் பொடியாக்க வேண்டும். விதை சின்னஞ்சிறியது, முளைப்பு மந்தம், இளஞ்செடியின் இலையோ மெல்லியது. நிலத்தை இலை மூடுவதற்குப் பல வாரங்கள் ஆகும். அத்தனை நாளும் பொடித்த மண் மழைக்கு நேராகத் திறந்து கிடக்கிறது. அறுவடையில் பிடுங்கும்போது கிழங்கோடு மண்ணும் வருகிறது. சந்தைக்குப் பளபளப்பாகப் போக வேண்டும் என்பதால் கேரட் கழுவும் இயந்திரத்தில் போட்டுச் சுழற்றுகிறார்கள். அந்த மண்ணும் கழிவுநீரோடு ஓடைக்குத்தான் போகிறது.

மழையில்லாத நாளிலும் மண் இறங்குகிறது. சரிவில் நின்று கொத்துகிறவர் மேட்டைப் பார்த்து நின்று மண்ணைத் தன் பக்கம், அதாவது கீழ்ப்பக்கம், இழுக்கிறார். உடம்புக்கு அதுதான் வசதி. ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு சாண் மண் கீழே நகர்கிறது. பல ஆண்டுகள் கொத்திய நிலத்தின் மேல் ஓரத்தில் வெளிறிய அடிமண் தலைகாட்டுவதற்கும், கீழ் ஓரத்தில் மண் குவிந்து கிடப்பதற்கும் இது ஒரு காரணம்.

ஒரு ஏக்கர் கணக்கு

ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மண் உரிந்தால் அது நான்கு கன மீட்டர். எடையில் நான்கு முதல் ஐந்து டன்; ஒரு சிறிய டிப்பர் லாரி கொள்ளும் மண். ஒரு மில்லிமீட்டர் இறங்கியதை எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது.

இந்தியா முழுமைக்குமான மண் அரிப்பை 1983-இல் துருவ நாராயணாவும் ராம் பாபுவும் கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு 5,334 மில்லியன் டன், அதாவது ஹெக்டேருக்குச் சராசரியாக 16.4 டன் என்பது அவர்களுடைய மதிப்பீடு. அதில் 29 சதவீதம் கடலுக்கும் 10 சதவீதம் நீர்த்தேக்கங்களுக்கும் போகிறது. இது சமவெளியையும் சேர்த்த சராசரி. நீலகிரியில் 25 சதவீதச் சரிவில், அதாவது நூறு அடிக்கு இருபத்தைந்து அடி உயரும் நிலத்தில், மேலிருந்து கீழாகப் பார் பிடித்து உருளைக்கிழங்கு போட்டால் இழப்பு இதைப்போல் இரு மடங்குக்கும் மேல் போகக்கூடியது. ஹெக்டேருக்கு 40 டன் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 16 டன். கனத்தில் மூன்றரை மில்லிமீட்டர்.

மலைமண்ணில் மட்கு அதிகம் என்பதால் மொத்தத் தழைச்சத்து 0.3 சதவீதம் வரை இருப்பது இயல்பு. அப்படியானால் 16 டன் மண்ணோடு ஓடையில் போவது 48 கிலோ தழைச்சத்து. உருளைக்கிழங்குக்கு மலைப்பகுதியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து, 240 கிலோ மணிச்சத்து, 120 கிலோ சாம்பல்சத்து. ஏக்கருக்குத் தழைச்சத்து 48 கிலோ. மூட்டை பிரித்து ஒரு போகத்துக்கு நாம் போடும் அளவும் ஓராண்டில் மழை எடுத்துக்கொண்டு போகும் அளவும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு வித்தியாசம் உண்டு: நாம் போடுவது அந்தப் போகத்துக்கானது. போவதோ மட்கில் கட்டுண்டு, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பயிருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வைப்பு.

ஆண்டுக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்றால் 25 ஆண்டில் ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர். கொத்துபடும் மேல்மண்ணின் ஆழமே பதினைந்து சென்டிமீட்டர்தான்.

உரம் மறைக்கும் இழப்பு

இவ்வளவு மண் போயும் விளைச்சல் ஏன் சட்டென்று சரியவில்லை என்ற கேள்வி எழும். காரணம் உரம். காய்ச்சலோடு இருப்பவர் மாத்திரை போட்டுக்கொண்டு தினமும் வேலைக்குப் போவதைப்போல, மண் மெலிய மெலிய உரத்தைக் கூட்டி விளைச்சலை அதே மட்டத்தில் பிடித்து வைத்திருக்கிறோம். மண்டியில் எடை குறையவில்லை என்பதால் நிலத்தில் ஏதோ குறைகிறது என்று தோன்றுவதில்லை. உரச்செலவு மட்டும் போகத்துக்குப் போகம் ஏறுகிறது. அந்த ஏற்றத்துக்கு விலைவாசியைக் குறை சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

உரம் செய்ய முடியாதவை சில உண்டு. மட்கு நீரைப் பிடித்து வைக்கும், யூரியாவால் முடியாது. மட்கும் களியும் சத்துகளைத் தம்மோடு ஒட்டவைத்துப் பயிர் கேட்கும்போது கொடுக்கும். அவை போய்விட்ட நிலத்தில் போட்ட உரம் தங்குவதற்கு இடமில்லாமல் அடுத்த மழையில் கரைந்து போகும். ஆகவே மண் மெலிந்த நிலத்துக்கு உரம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கூடுதலாகப் போட்டதில் கூடுதலான பங்கு வீணாகிறது. இந்தச் சுழலில் சிக்கிய நிலத்தை மூட்டைகளின் எண்ணிக்கையால் மீட்க முடியாது.

விலையும் தவறான பக்கமே தள்ளுகிறது. 45 கிலோ யூரியா மூட்டை முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். மலிவானதைக் கை தாராளமாக அள்ளும். பயிர் கரும்பச்சையாக எழுந்து நிற்பதைப் பார்த்ததும் மனம் நிறையும். அந்தப் பச்சைக்கான விலையை வேறோர் இடத்தில் மண் கொடுக்கிறது.

அமிலம் ஏறுகிறது

நீலகிரி மண் இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது. காலங்காலமாகப் பெய்த மழை சுண்ணாம்புச்சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து எடுத்துவிட்டது. இரும்பும் அலுமினியமும் மிஞ்சின. அமில கார நிலை 5-க்கு அருகில், சில இடங்களில் அதற்கும் கீழே இருக்கும். தேயிலைக்கு அது பிடித்த மண். கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் பீட்ரூட்டுக்கும் அது பிடிக்காது.

அந்த மண்ணில் அம்மோனியா உரங்களும் யூரியாவும் தொடர்ந்து விழுந்தால் அமிலம் மேலும் ஏறும். 100 கிலோ அம்மோனியம் சல்பேட் மண்ணில் உண்டாக்கும் அமிலத்தை முறிக்க ஏறத்தாழ 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். 100 கிலோ யூரியாவுக்கு ஏறத்தாழ 80 கிலோ. உரத்துக்குச் செலவழிப்பவர்களில் எத்தனை பேர் சுண்ணாம்புக்கும் செலவழிக்கிறார்கள்?

அமிலம் ஏறினால் முதலில் அடிபடுவது மணிச்சத்து. இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக் கரையாத வடிவத்தில் பூட்டிவிடும். உருளைக்கிழங்குக்குத் தழைச்சத்தைப்போல இரு மடங்கு மணிச்சத்து பரிந்துரைக்கப்படுவது இந்தப் பூட்டைக் கருதித்தான். பல ஆண்டுகள் இப்படிப் போட்டுவந்த நிலத்தில் மணிச்சத்து மண்ணில் குவிந்திருக்கும், பயிருக்கு எட்டாது. ஆனால் அந்த மணிச்சத்தை ஏந்திய மண் துகள் அரித்துப்போய் ஏரியையும் அணையையும் சேரும்போது, அங்கே பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் அது தீனியாகிறது.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் செடிகள் நடுப்பகலில் வாடித் தொங்க, பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுவதும் தடித்து முண்டு முண்டாக வீங்கியிருக்கும் நோயை மலை விவசாயிகள் அறிவார்கள். அதை உண்டாக்கும் பூஞ்சை போன்ற கிருமிக்கு அமில மண்தான் வாழ்விடம். மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் சுண்ணாம்பைப் பற்றி யோசிக்க வேண்டிய நோய் இது.

தேயிலைப் பசுந்தழைக்கு விலை கட்டாமல் போனதால் சிலர் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் காய்கறிக்கு மாறுகிறார்கள். நன்றாக அடர்ந்த தேயிலைத் தோட்டம் சரிவை ஆண்டு முழுவதும் மூடி வைத்திருக்கும். அதைப் பிடுங்கிய நாளிலிருந்து நிலம் மழைக்குத் திறந்துவிடுகிறது. பல பத்தாண்டுகள் தேயிலைக்குப் போட்ட உரத்தால் ஏறிய அமிலமும் அங்கே காத்திருக்கிறது. இப்படி மாறுகிற நிலத்துக்கு முதல் செலவு, சரிவைப் படிகளாக வெட்டி அமைக்கும் படிமட்டமும் சுண்ணாம்புமாக இருக்க வேண்டும். நடைமுறையில் அது பெரும்பாலும் விதையும் உரமுமாகவே இருக்கிறது.

மண்ணோடு நோயும் இறங்குகிறது. உருளைக்கிழங்கின் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதன்முதலாக 1961-இல் நீலகிரியில்தான் கண்டறியப்பட்டது. அதன் முட்டைக்கூடுகள் பயிரே இல்லாத மண்ணிலும் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். மேல் வயலின் மண் கீழ் வயலுக்கு வரும்போது கூடுகளும் கூட வருகின்றன. கீழே இருப்பவர் எவ்வளவு கவனமாகப் பயிர்ச் சுழற்சி செய்தாலும் மேலே இருப்பவரின் மண் அதைக் கெடுத்துவிடும்.

தெரிந்தும் ஏன் செய்வதில்லை?

இதற்கான தீர்வுகள் புதியவை அல்ல. உதகமண்டலத்தில் மண் மற்றும் நீர்வள ஆராய்ச்சி மையம் 1954-இலிருந்து இயங்குகிறது. மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதையும் நிலம் பயிரிடுவதையும் ஒழுங்குபடுத்தும் சட்டத்தை அன்றைய சென்னை மாநிலம் 1955-இலேயே கொண்டுவந்தது. 1970-களின் நடுவில் மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. குந்தா நீர்ப்பிடிப்பில் மண் அரிப்பைத் தடுக்கத் தனிப் பணிகள் நடந்தன. இன்றும் நீலகிரியில் காணும் படிமட்டங்களில் பல அந்தக் காலத்து உழைப்பின் மிச்சம்.

சரிவுக்குக் குறுக்கே, சமஉயரக் கோட்டில் பார் பிடித்தாலே மண் இழப்பு பாதிக்கும் கீழே இறங்கும். உட்பக்கம் சாய்ந்த படிமட்டம் அமைத்தால் மிகச் சொற்பமாகிவிடும். ஆராய்ச்சி நிலையத்துக்கும் தெரியும், வேளாண் அதிகாரிக்கும் தெரியும், விவசாயிக்கும் தெரியும். பிறகும் மேலிருந்து கீழாகப் பார் பிடிப்பது தொடர்கிறது. அதற்கு விவசாயி சொல்லும் காரணங்களைப் புறந்தள்ள முடியாது.

குறுக்கே பார் பிடித்தால் தண்ணீர் சாலில் தேங்கி உருளைக்கிழங்கு அழுகும் என்ற பயம் ஒன்று. வடிகால் சரியாக இல்லாத நிலத்தில் அந்தப் பயம் நியாயமானது. படிமட்டம் வெட்டினால் ஓரச் சுவருக்கே நிலத்தின் ஒரு பகுதி போய்விடும். அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது கனமான இழப்பு. வெட்டும்போது மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்துப் பிறகு பரப்பாவிட்டால் அடிமண் மேலே வந்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு விளைச்சல் அடிபடும். கூலியும் கட்டுப்படியாவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான காரணம் குத்தகை. நீலகிரியின் காய்கறி நிலத்தில் கணிசமான பகுதியைச் சாகுபடி செய்கிறவர் அதன் உரிமையாளர் அல்ல. ஓராண்டு, இரண்டாண்டு என்று வாய்மொழியாகப் பேசிக்கொண்ட குத்தகையில் நிலம் எடுத்தவர், பத்து ஆண்டு பலன் தரும் படிமட்டத்துக்கு ஏன் செலவழிப்பார்? இந்தப் போகத்திலேயே போட்ட முதலை எடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு. உரம் இந்தப் போகத்தில் பலன் தரும், படிமட்டம் தராது. நிலத்தின் சொந்தக்காரருக்கோ குத்தகைப் பணம் வந்தால் போதும். இருவருக்கும் நடுவில் மண்ணுக்குப் பொறுப்பாளி என்று யாரும் இல்லை. என் பார்வையில் மலைமண் பிரச்சினையின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது.

கீழே இருப்பவர்களின் பிரச்சினை

இது மலைக்காரர்களின் தலைவலி என்று சமவெளி ஒதுங்கிக்கொள்ள முடியாது. கோவை குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு தருவது பில்லூர் அணை. நீலகிரியின் குந்தா பக்கத்து நீரெல்லாம் அங்கே வந்து சேர்கிறது. கூடவே வண்டலும் சேர்கிறது. பில்லூரின் கொள்ளளவை வண்டல் தின்றிருப்பது ஊரறிந்த செய்தி. அதற்கும் கீழே பவானிசாகர். அதை நம்பிக் கீழ்பவானி வாய்க்காலில் மட்டும் இரண்டு லட்சம் ஏக்கருக்கும் மேல் பாசனம் பெறுகிறது. மலையில் ஒரு படிமட்டம் இடிந்தால் ஈரோட்டு வயலின் கடைமடை வரை அதன் விளைவு நீளும்.

மழையின் போக்கும் கவலை தருகிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. மாவட்டம் முழுவதும் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டரைத் தாண்டியது. இப்படிப்பட்ட நாளில் எந்தப் படிமட்டமும் முழுக் காப்பு தராது. ஆனால் வடிகால் ஒழுங்காக உள்ள, புல் வேர் பிடித்த ஓரங்களைக் கொண்ட சரிவுக்கும், மேலிருந்து கீழாகக் கோடு கிழித்த வெற்றுச் சரிவுக்கும் வேறுபாடு உண்டு. மழையை நாம் குறைக்க முடியாது. அது விழும் நிலத்தை நம்மால் ஒழுங்கு செய்ய முடியும்.

முதலில் மண், பிறகு உரம்

என்ன செய்யலாம்? செய்யும் வரிசை இங்கே முக்கியம். உர மேலாண்மை என்பது மூட்டையிலிருந்து தொடங்குவதில்லை. தண்ணீரின் ஓட்டத்தை நிறுத்துவதிலிருந்து தொடங்குகிறது.

இருக்கும் படிமட்டங்களைச் செப்பனிடுவது முதல் வேலை. புதிதாக வெட்டுவதைவிட இதற்குச் செலவு குறைவு. இடிந்த ஓரத்தைக் கட்டி, அதில் வெட்டிவேரோ கினியா புல்லோ கம்பு நேப்பியரோ நட்டால் வேர் மண்ணைப் பிடிக்கும். தீவனப்புல் என்றால் மாட்டுக்கும் ஆயிற்று. மாட்டிலிருந்து தொழு உரம் நிலத்துக்குத் திரும்பும். படியின் உட்பக்கம் ஒரு வடிகால் வேண்டும். அந்த வடிகால் புல் முளைத்த ஓடையில் போய்ச் சேர வேண்டும். பக்கத்து வயலில் அல்ல. வடிகால் இருந்தால் உருளை அழுகும் என்ற பயத்துக்கும் வேலையில்லை.

இரண்டாவது, மண் வெறுமனே கிடக்கும் நாட்களைக் குறைப்பது. மூன்று போகத்தில் ஒன்றை விட்டுக்கொடுத்து லூப்பின் போன்ற பசுந்தாள் பயிரையோ பட்டாணி, பீன்ஸையோ இடலாம். பழைய படுகர் வேளாண்மையில் சாமையும் கேழ்வரகும் விதைத்த நிலத்தைச் சில ஆண்டுகள் புல் மண்டவிட்டு ஆறப்போடுவது வழக்கமாக இருந்தது. இன்றைய நிலவிலையில் அவ்வளவு ஓய்வு தர முடியாது. ஆண்டுக்கு ஒரு பருவமாவது தர முடியும்.

மூன்றாவது மண் பரிசோதனை. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் அமில கார நிலை, கரிமச்சத்து, பேரூட்டங்கள், நுண்ணூட்டங்கள் உட்பட 12 அளவுகள் கிடைக்கின்றன. சரிவு நிலத்தில் ஒரே மாதிரி எடுத்து அனுப்பினால் பயனில்லை. மேல் பகுதி மெலிந்தும் கீழ்ப் பகுதி சத்துக் குவிந்தும் இருக்கும். இரண்டையும் கலந்தால் இரண்டுக்கும் பொருந்தாத முடிவே வரும். மேல், நடு, கீழ் என்று மூன்று மாதிரிகள் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து இடங்களில், மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' வடிவில் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, குழியின் பக்கவாட்டிலிருந்து ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கிக்கொண்டே வந்து அரை கிலோவில் நிறுத்த வேண்டும். உரம் போட்ட உடனே எடுக்கக் கூடாது; எருக்குழி, வரப்பு ஓரத்திலும் எடுக்கக் கூடாது.

நான்காவது சுண்ணாம்பு. பரிசோதனை சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்போ டோலமைட்டோ நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே இட்டு மண்ணோடு கலக்க வேண்டும். டோலமைட்டில் மக்னீசியமும் கிடைக்கும். அம்மோனியா உரத்தோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போகும். உருளைக்கிழங்கு போடப்போகிற நிலத்தில் அளவு மீறக் கூடாது; அமிலம் மிகவும் குறைந்தால் கிழங்கில் சொறிநோய் வரும்.

ஐந்தாவதாகத்தான் உர மூட்டை. இங்கே கோழி எருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சமவெளிப் பண்ணைகளிலிருந்து லாரி லாரியாக மலையேறும் கோழி எருவை எரு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உரக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு டன் கோழி எருவில் 20 முதல் 30 கிலோ தழைச்சத்தும் கிட்டத்தட்ட அதே அளவு மணிச்சத்தும் இருக்கும். ஏக்கருக்கு நான்கு டன் கொட்டினால் தழைச்சத்து மட்டும் 80 முதல் 120 கிலோ. அத்தனையும் முதல் போகத்திலேயே கிடைக்காது என்றாலும், உருளைக்குச் சொல்லப்பட்ட 48 கிலோவை இதுவே தாண்டிவிடும். அதற்குமேல் முழு அளவு ரசாயன உரமும் போட்டால் மிச்சமெல்லாம் ஊற்றுக்கும் ஓடைக்கும்தான். கோழி எருவை மட்கவைத்துப் போடுங்கள். போட்ட அளவுக்கு மூட்டையைக் குறையுங்கள்.

மிச்ச உரத்தையும் மேலே வீசக் கூடாது. சரிவில் வீசிய உரம் அடுத்த மழைக்குள் இடம் பெயர்ந்துவிடும். சாலில் இட்டு மண்ணால் மூட வேண்டும். உருளைக்குப் பாதியை அடியுரமாகவும் மீதியை 30-ஆம் நாள் மண் அணைக்கும்போதும் கொடுப்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. கனமழை எச்சரிக்கை இருந்தால் மேலுரத்தை இரண்டு நாள் தள்ளிப்போடுவதால் பயிர் கெட்டுவிடாது. பரிசோதனையில் மணிச்சத்து ஏற்கெனவே அதிகம் என்று வந்தால் அந்த அளவைத் துணிந்து குறைக்கலாம். உருளைக்கு ஹெக்டேருக்கு 60 கிலோ மக்னீசியம் சல்பேட் சேர்க்கச் சொல்வதும் பலர் விட்டுவிடும் ஒன்று.

ஒரே நாளில் மாற முடியுமா?

'ரசாயன உரமே வேண்டாம், இயற்கைக்கு மாறிவிடலாம்' என்ற குரல் மலையில் வலுவாகக் கேட்கிறது. திசை சரியானது. வேகத்தில் நிதானம் வேண்டும். இலங்கை 2021 மே மாதத்தில் ரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தியது. நெல்லும் மலையகத் தேயிலையும் காய்கறியும் அடிவாங்கின. அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். மட்கு குறைந்துபோன மண்ணிடம் உரத்தைத் திடீரென்று பறித்தால் அதனால் தாங்க முடியாது. அரித்துப்போகும் சரிவில் தொழு உரம் போட்டாலும் அதுவும் அரித்துத்தான் போகும். எந்த உரம் என்ற வாதத்துக்கு முன், மண் நிற்கிறதா என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். மண்ணை நிறுத்தி, மட்கைப் பெருக்கி, மூட்டையைப் படிப்படியாகக் குறைப்பதுதான் தாக்குப்பிடிக்கும் வழி.

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. உரத்துக்குத் தரும் மானியத்தில் ஒரு சிறு பங்கைச் சுண்ணாம்புக்கும் படிமட்டச் செப்பனிடலுக்கும் திருப்ப வேண்டும். சிறு விவசாயிகளின் படிமட்டங்களை ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். நடவுக்கு முன்பே பரிசோதனை முடிவு விவசாயி கைக்கு வந்து சேர வேண்டும். குத்தகையை எழுத்தில் கொண்டுவந்து, குறைந்தது ஐந்து ஆண்டு உறுதியளித்து, மண் காப்புக்குக் குத்தகைதாரர் செலவழித்ததை உரிமையாளர் ஈடு செய்யும் முறை வேண்டும். பில்லூர் தண்ணீரைக் குடிக்கும் நகரமும் பவானித் தண்ணீரில் விளையும் வயலும் மலை விவசாயியின் மண் காப்புச் செலவில் பங்கெடுப்பதுதான் நியாயம். மண்ணைக் காக்கும் பொறுப்பை அரை ஏக்கர்க்காரர் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு நாம் மலிவு விலையில் கேரட் வாங்கிக்கொண்டிருப்பது அறமல்ல.

அரசு அசைவதற்குக் காலமாகும். மலை விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கார்போகத்துக்குக் கொத்தத் தொடங்கும் முன் மூன்று வேலைகளை முடியுங்கள்: மேல், நடு, கீழ் என்று மூன்று மண் மாதிரிகளைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், இடிந்த படி ஓரங்களைக் கட்டிப் புல் நடுங்கள், வடிகாலைத் தூர் எடுங்கள். உரக் கடைக்கு அதன்பிறகு போங்கள். வாங்க வேண்டிய மூட்டைகள் நிச்சயம் குறைந்திருக்கும்.